பத்து ராகங்களும் மூன்று பெட்டிகளும்

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம் செல்லும் வழியில் எளாவூரைக் கடந்திருக்கிறீர்களா? அந்த வட்டாரத்தில் ஆலைகள் மிகுதி. ஆலைகள் இருக்குமிடத்தில் மின்மாற்றிகளும் இருக்கும். வண்டிகளின் இரைச்சல் ஓய்ந்த ஒரு விடிகாலையில், மின்மாற்றி வேலிக்கு வெளியே பத்திரமான தொலைவில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம், ஏறாமலும் இறங்காமலும், ஒரே சுருதியில் வந்துகொண்டிருக்கும். நம் நாட்டு மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுகள் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் இருமுறை நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகிறது. ஆகவே நம் காதுக்கு வருவது நொடிக்கு 100 அதிர்வுகள் கொண்ட ஒலி. தடித்த குரலுடைய ஓர் ஆண்மகன் பேசும் சுருதியும் ஏறத்தாழ இதுவே.

மின்சாரம் பாடுகிறது! ஆனால் ஒரே ஒரு சுரத்தைத்தான் அதற்குப் பாடத் தெரியும். மின்னலையின் அதிர்வெண்ணை நம் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் முடிந்தால் அதுவே ஓர் இசைக்கருவி ஆகிவிடாதா? ஆகிவிடும், ஆகியும் விட்டது. ரஷ்யாவைச் சேர்ந்த தெரமின், கையால் தொடாமலே வாசிக்கும் மின் இசைக்கருவியை 1920-இல் செய்து காட்டினார். அமெரிக்கரான ராபர்ட் மூக் 1964-இல் தமது சிந்தசைசரை, அதாவது ஒலிகளைக் கூட்டிச் சமைக்கும் கருவியை, வெளியிட்டார். அந்த மூக் கருவி 1969-இலேயே நம் நாட்டுக்கு வந்துவிட்டது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைஞரின் உதவியோடு ஒரு மின்னிசைக் கூடம் அமைந்தது. கீதா சாராபாய், அதுல் தேசாய் முதலியோர் அங்கே நாடாக்களில் சோதனைகளைப் பதிவு செய்தார்கள். சில ஆண்டுகளில் கூடம் மூடப்பட்டது. நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்திலேயே கிடந்தன; 2017-இல் பால் பர்காஸ் என்ற ஆய்வாளர் அவற்றைக் கண்டெடுத்தார்; 2023-இல் தொகுப்பாக வெளிவந்தன. இது நம் கதைக்கு முன்கதை மட்டுமே. ஆயினும் செய்தவர்கள் செய்ததும், பெட்டிக்குள் அது உறங்கியதும், வேறொருவர் வந்து எழுப்பியதும் என்ற இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரப்போகிறது.

நாம் பேச வந்தது சரண்ஜித் சிங் என்பவரைப் பற்றி. 1940-இல் பிறந்த இவர், பம்பாய்த் திரையுலகின் ஒலிப்பதிவுக் கூடங்களில் கூலிக்கு வாசித்த கலைஞர். ‘கூலிக்கு’ என்று இழிவாகச் சொல்லவில்லை. பாட்டுக்குப் பெயர் இசையமைப்பாளருக்கும் பாடகருக்கும் போகும். கிட்டாரை மீட்டியவர் பெயர் இசைத்தட்டின் உறையில்கூட இராது. சங்கர்–ஜெய்கிஷன், லட்சுமிகாந்த்–பியாரேலால், ஆர்.டி.பர்மன் ஆகியோரின் இசைக்குழுக்களில் எல்லாம் இவர் கை இருந்தது. பேஸ் கிட்டார், மின் அக்கார்டியன், பின்னர் சிந்தசைசர் என்று, சந்தைக்கு எந்தப் புதுக் கருவி வந்தாலும் அதை வாங்கிப் பழகிவிடுவது இவர் வழக்கம். 1970-களில் திரைப்பாடல் மெட்டுகளைக் கருவியிசையாக வாசித்துத் தம் பெயரில் சில இசைத்தட்டுகளும் வெளியிட்டார்.

1980-களின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் கருவிகள் மூன்று இவரிடம் வந்து சேர்ந்தன. ஜூபிட்டர்-8 என்பது ஒரே நேரத்தில் எட்டுச் சுரங்களை ஒலிக்கவல்ல பெரிய சிந்தசைசர். டி.ஆர்-808 ஒரு தாளப்பெட்டி. டி.பி-303 என்பதோ கையடக்கமான ஒரு வெள்ளிநிறப் பெட்டி. பேஸ் கிட்டார் வாசிப்பவர் இல்லாத நேரத்தில் அவருக்குப் பதிலாக வேலை செய்யட்டும் என்று செய்யப்பட்டது. இந்த மூன்றாவது பெட்டிதான் நம் கதாநாயகன். அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

சிந்தசைசரின் உள்ளே ஓர் அலையியற்றி உண்டு. அதற்கு அளிக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் அதிர்வெண் இரு மடங்காகும். அதாவது கீழ்ச் ‘ஸ’ மேல் ‘ஸ’ ஆகும். இடையிலுள்ள பன்னிரு சுரத்தானங்களுக்கும் அந்த ஒரு வோல்ட்டைப் பன்னிரண்டாகப் பங்கிட்டால், ஒரு படிக்குச் சுமார் 83 மில்லிவோல்ட் வரும். டி.பி-303-இல் பதினாறு படிகள் கொண்ட ஒரு வரிசையில் இன்ன இடத்தில் இன்ன சுரம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், பெட்டி அதைச் சலிக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கும்.

அலையியற்றியிலிருந்து வரும் ஒலி கரடுமுரடானது. அதை ஒரு வடிகட்டி வழியாக அனுப்புகிறார்கள். இது எப்படி வேலை செய்கிறது என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். சுருதியை மாற்றாமல் ‘ஊ… ஆ… ஈ…’ என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள். தொண்டையில் எழும் அதிர்வு ஒன்றேதான். வாயின் வடிவம் மாற மாற, அதிலுள்ள சில அதிர்வெண்கள் எடுப்பாகின்றன, சில அமுங்குகின்றன. குழாயடியில் குடம் நிரம்பும்போது ‘களகள’ ஓசை மேலேறிக்கொண்டே போகிறதல்லவா, அங்கும் காற்றறையின் உயரம் குறையக் குறைய ஒத்ததிர்வு மேலேறுகிறது. டி.பி-303-இன் வடிகட்டியில் ஒத்ததிர்வைக் கூட்டும் திருகு ஒன்றும், அது எந்த அதிர்வெண்ணில் நிகழ வேண்டும் என்று நகர்த்தும் திருகு ஒன்றும் உண்டு. இரண்டையும் தாராளமாகத் திருப்பினால், பேஸ் கிட்டார் போல இருக்க வேண்டிய ஒலி, சேற்றில் கால் புதைந்து எழுவது போல ‘பொளுக், பிளிக்’ என்று கேட்கும். பேஸ் கிட்டாருக்குப் பதிலி தேடியவர்களுக்கு இந்த ஒலி பிடிக்குமா? பிடிக்கவில்லை. 1981-இல் சந்தைக்கு வந்த கருவி 1984-இல் நிறுத்தப்பட்டது. மொத்தம் செய்யப்பட்டவை சுமார் பத்தாயிரம்தான்.

தாளப்பெட்டியைப் பற்றியும் ஒரு செய்தி. ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய ககேஹாஷி, டி.ஆர்-808-இன் சலசலப்பான ஒலிக்காக, தரச் சோதனையில் கழிக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கியதாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். டிரான்சிஸ்டர் செய்யும் முறை சீர்பட்டதும் பழுதானவை கிடைப்பது அரிதாயிற்று. 1983-இல் 808-இன் உற்பத்தியும் நின்றது. தரம் உயர்ந்ததால் நின்றுபோன கருவி!

இனி ராகங்களுக்கு வருவோம். 1980-இல் ‘குர்பானி’ படப் பாடலுக்குப் பின் டிஸ்கோ மோகம் நாடெங்கும் பரவியிருந்தது. சரண்ஜித் சிங்குக்கு ஓர் எண்ணம்: தபலாவை எடுத்துவிட்டு, டிஸ்கோ தாளத்தின்மேல் இந்துஸ்தானி ராகங்களை வாசித்தால் என்ன? மூன்று பெட்டிகளையும் இணைத்தார். கருவிகளை இணைக்கும் ‘மிடி’ என்னும் பொதுமுறை 1983-இல்தான் வந்தது. அதற்கு முன் ரோலண்ட் கருவிகளில் ஒன்று மற்றதற்கு மின்துடிப்புகளை அனுப்பித் தாளம் காட்டும். ஒரு தட்டுக்கு 24 துடிப்பு என்பது கணக்கு. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் நொடிக்கு 48 துடிப்பு. நம் கச்சேரிகளில் தொடையில் தட்டித் தாளம் போடுபவரின் வேலையை ஒரு கம்பி செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1982-இல் பத்து ராகங்கள் பத்துப் பகுதிகளாகப் பதிவாகி, எச்.எம்.வி. முத்திரையுடன் ‘டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் வெளிவந்தன. அவற்றுள் பல நமக்கும் உறவுதான். பூபாளி என்பது நம் மோகனம், யமன் கல்யாணி, மால்கவுன்ஸ் இந்தோளம், பைராகி ரேவதி. தோடி என்ற பெயரைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள். அவர்களுடைய தோடி நம் சுபபந்துவராளி.

இந்த இடத்தில் கர்நாடக இசை பயின்ற வாசகர் குறுக்கிடுவார்: “பன்னிரு படிகளில் குதித்துக் குதித்துச் செல்லும் இயந்திரத்தில் ராகமா? கமகம் எங்கே?” நியாயமான கேள்வி. டி.பி-303-இல் வழுக்கல் என ஒரு வசதி உண்டு. ஒரு சுரத்தின் மின்னழுத்தத்திலிருந்து அடுத்ததற்கு உடனே தாவாமல், ஒரு மின்தேக்கி மெதுவாக நிரம்புவதால் ஒலி வழுக்கிக்கொண்டு போகும். பார்வைக்கு இது நம் ஜாரு போலத் தோன்றும். ஆனால் அந்த வழுக்கலின் வேகம் நிலையானது. வாசிப்பவர் கூட்டவோ குறைக்கவோ முடியாது. வீணையில் விரல் செய்வதை இந்த மின்தேக்கி செய்துவிட்டது என்று சொன்னால் அது மிகை. இழைவுகளை எல்லாம் சரண்ஜித் சிங் தம் கையால் ஜூபிட்டரில்தான் வாசித்தார். அங்கும் அசல் கமகத்தின் ஒரு நிழல்தான் கிடைத்தது. சாஸ்திரிய இசை ரசிகர்களுக்கு அது போதவில்லை. திரைப்பாடல் ரசிகர்களுக்கோ அதில் பாட்டே இல்லை. இசைத்தட்டு விலைபோகவில்லை. அவர் பழையபடி ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும், திருமண வரவேற்புக் கச்சேரிகளுக்கும் திரும்பினார்.

மின்னிசை மட்டும் நிற்கவில்லை. 1986-இல் ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ படங்களில் இளையராஜா கணிப்பொறி இசையைப் புகுத்தியது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே. அமெரிக்காவில் சிகாகோ நகரத்து இளைஞர்கள் சிலர், யாரும் விரும்பாத டி.பி-303-ஐப் பழைய பொருளாக மலிவு விலைக்கு வாங்கினார்கள். அதன் திருகுகளை மனம்போனபடி திருப்பினார்கள். ‘ஃபியூச்சர்’ என்ற அவர்கள் குழு 1987-இல் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் ஒரு நடன இசைவகையே பிறந்து, ஐரோப்பாவெங்கும் பரவியது. டி.பி-303-இன் விலை பன்மடங்கு ஏறிற்று.

எடோ பவ்மன் என்ற டச்சுக்காரர் பழைய இந்திய இசைத்தட்டுகளைச் சேகரிப்பவர். 2002-இல் டில்லியில் ஒரு கடையில் சரண்ஜித் சிங்கின் தட்டு அவர் கையில் அகப்பட்டது. சிகாகோவின் ஒலி, ஆனால் ஐந்தாண்டு முந்திய தேதி! சில ஆண்டுகளில் மும்பையில் சரண்ஜித் சிங்கையே தேடிக் கண்டுபிடித்தார். 2010-இல் தட்டு மறுபதிப்பாக வந்தபோது, இது யாரோ அண்மையில் செய்த ஏமாற்று வேலை என்று ஐயுற்றவர்களும் உண்டு. ‘ஆசிட் ஹவுசைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர்’ என்று பத்திரிகைகள் எழுதின.

இதை அப்படியே ஏற்பதற்கில்லை. ஒன்றைக் கண்டுபிடித்தவர் என்றால், அடுத்து வந்தவர்கள் அவரிடமிருந்து பெற்றிருக்க வேண்டும். சிகாகோ இளைஞர்கள் இந்தத் தட்டைக் கேட்டார்கள் என்பதற்குச் சான்று இல்லை. பிறகு ஒற்றுமை எப்படி வந்தது? ஒரு காரணம் எல்லோரும் சொல்வது: அதே பெட்டி, அதே வடிகட்டி. இன்னொன்றும் உண்டு என்பது என் கருத்து. மேலைநாட்டுப் பாட்டில் அடித்தளமான சுரக்கூட்டு அடிக்கொரு தரம் மாறும். ராகத்தில் ஆதார ஷட்ஜம் கடைசி வரை அசையாது. பதினாறு படிகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் பெட்டிக்கு அசையாத ஆதாரமே ஏற்றது. சரண்ஜித் சிங்குக்கு அது மரபிலிருந்து கிடைத்தது. சிகாகோக்காரர்களோ பெட்டியை அதன் போக்கில் ஓடவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கும்பகோணத்தில் ராமானுஜன், ஐரோப்பியர் முன்பே அறிந்திருந்த தேற்றங்கள் பலவற்றைத் தாமாகவே மீண்டும் கண்டதை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை.

இந்த வழக்கில் சரண்ஜித் சிங் பட்டம் எதையும் கோரவில்லை. அவருக்குக் கிடைத்தது வேறொன்று. எழுபது வயதை எட்டிய பிறகு, அடுத்த சில ஆண்டுகளில் அவர் ஐரோப்பிய மேடைகளில் ஏறினார். அதே வகைப் பெட்டிகள் மூன்றும் முன்னே. ஒரு பெரியவர் நிதானமாக நின்று பைரவியையும் லலித்தையும் வாசிக்க, அந்தத் தட்டு வெளிவந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள் கீழே ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை சுவரொட்டியில் இருந்தது அவர் பெயர். ஆயிரக்கணக்கான பாடல்கள் பதிவான கூடங்களில் உறையின் பின்பக்கத்திலும் இடம்பெறாத பெயர் அது.

2015 ஜூலையில், 74-ஆம் வயதில், மும்பையில் அவர் காலமானார். இணையத்தில் அந்த இசை இன்றும் எளிதில் கிடைக்கிறது. கேட்பதானால் மால்கவுன்ஸ் பகுதியில் தொடங்குங்கள். முதலில் நாகசுரத்தில் ஓர் இந்தோளத்தைக் கேட்டுவிட்டு உடனே இதைக் கேட்டால், எந்தெந்தச் சுரங்களில் அந்தப் பெட்டி தடுமாறுகிறது, எங்கே அவர் கை அதைத் தாங்கிப் பிடிக்கிறது என்பது உங்கள் காதுக்கே தெரியும்.