இந்தியாவில் மாதாந்திர வானிலைப் பதிவு

நாட்டின் பல இடங்களில் உள்ள வானிலை நிலையங்களில் நாள்தோறும் மழை, வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றை அளக்கிறார்கள். அந்த அளவுகளை மாதவாரியாகத் தொகுத்து, சரிபார்த்து, பாதுகாத்து வைக்கும் முறையே மாதாந்திர வானிலைப் பதிவு. இந்தியாவில் இப்பணியை இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875 முதல் நடத்திவருகிறது. ஒரு நாளின் மழையோ வெயிலோ அன்றைய செய்தியாக நின்றுவிடும். ஒரே இடத்தில் ஒரே முறையில் பல பத்தாண்டுகள் சேர்ந்த மாதக் கணக்குதான் அந்த ஊரின் தட்பவெப்பம் எது, அது எப்படி மாறுகிறது என்பதைக் காட்டும். பருவமழை முன்னறிவிப்பு, வறட்சி அறிவிப்பு, அணை நீர் மேலாண்மை, பயிர்க் காப்பீடு, காலநிலை ஆராய்ச்சி ஆகிய அனைத்துக்கும் இக்கணக்கே அடிப்படை.

வரலாறு

இந்தியாவில் முறையான வானிலைப் பதிவு தொடங்கிய முதல் இடங்களில் ஒன்று சென்னை. எழும்பூரில் 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் வில்லியம் பெட்ரி தம் சொந்த முயற்சியில் அமைத்த வானாய்வுக்கூடம் பின்னர் கம்பெனியின் பொறுப்புக்கு வந்தது. 1792இல் அது நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றது. விண்மீன்களைக் கணிப்பதே அதன் முதல் வேலை. ஆயினும் வானியல் கணிப்புகளுக்குக் காற்றின் அழுத்தமும் வெப்பமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் வானிலை அளவுகளும் அங்கே குறிக்கப்பட்டன. சென்னையின் மழைக் கணக்கு 1813 முதல் கிடைக்கிறது. உலகின் மிக நீண்ட மழைத் தொடர்களில் அதுவும் ஒன்று. மும்பை கொலாபாவிலும் திருவனந்தபுரத்திலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆய்வுக்கூடங்கள் எழுந்தன. திருவனந்தபுரத்தில் அதை அமைத்தவர் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள்.

இவை தனித்தனியாக இயங்கின. கருவிகளும் வேறு, அளக்கும் நேரமும் வேறு. ஓர் ஊரின் அளவை இன்னோர் ஊரின் அளவோடு ஒப்பிட முடியவில்லை. 1864 அக்டோபரில் கொல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரம் உயிர்களைப் பறித்தது. 1866இலும் 1871இலும் பருவமழை பொய்த்தது. நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு வேண்டும் என்பதை இந்த இழப்புகள் உணர்த்தின. 1875இல் வானிலைத் துறை உருவாக்கப்பட்டு, நிலவியல் வல்லுநரான ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவரானார். நிலையங்களின் கருவிகளையும், அளக்கும் நேரங்களையும், பதிவு முறையையும் ஒழுங்குபடுத்தியது அவர் காலத்தில் நடந்த முக்கியமான பணி.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சம், மழையை முன்கூட்டியே கணிக்கும் தேவையை அரசுக்குக் காட்டியது. இமயமலைப் பனிப்பொழிவுக்கும் அடுத்து வரும் பருவமழைக்கும் உள்ள தொடர்பைப் பதிவுகளிலிருந்து கண்டெடுத்த பிளான்ஃபோர்டு, 1880களில் பருவமழை முன்னறிவிப்புகளைத் தொடங்கிவைத்தார். 1904இல் துறைத் தலைவராக வந்த கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், உலகின் பல நிலையங்களில் சேர்ந்த அழுத்தம், மழை, வெப்பக் கணக்குகளை இந்தியப் பருவமழையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் குறைவதும், அங்கே குறையும்போது இங்கே உயர்வதும் அந்த ஒப்பீட்டில் வெளிப்பட்டன. ‘தெற்கத்திய அலைவு’ என்று அவர் பெயரிட்ட இந்த நிகழ்வே இன்று, பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவோடு சேர்த்துப் பேசப்படுகிறது. செயற்கைக்கோளோ கணினியோ இல்லாத காலத்தில், நிலையப் பதிவேடுகளின் எண்களை மட்டும் கொண்டு கண்டறியப்பட்டது இது.

துறையின் தலைமையகம் கொல்கத்தாவிலிருந்து சிம்லாவுக்கும், பிறகு புணேக்கும், 1944இல் புதுதில்லிக்கும் மாறியது. காலநிலைப் பதிவுகளைத் தொகுத்துக் காக்கும் பணி இன்றும் புணேயில்தான் நடக்கிறது. தேசிய தரவு மையம் அங்கே இருக்கிறது.

நிலையங்களும் கருவிகளும்

வானிலை நிலையங்களில் சில, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை என நாளுக்கு எட்டு முறை அளவெடுக்கின்றன. வேறு சில, காலை 8.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் மட்டும் அளவெடுக்கின்றன. பகுதி நேரப் பணியாளர்களைக் கொண்ட நிலையங்களும் பல உண்டு. இவற்றுக்கு அப்பால் தாலுகா அலுவலகங்களிலும் அணைக்கட்டுகளிலும் வேளாண் பண்ணைகளிலும் மாநில அரசுத் துறைகள் பராமரிக்கும் மழைமானிகள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இந்திய மழைக் கணக்கின் பெரும்பகுதி, விடுமுறை நாளிலும் மழைமானியைத் திறந்து பார்த்து ஏட்டில் குறிக்கும் இத்தகைய பணியாளர்களின் உழைப்பால் வந்தது. அவர்களின் பெயர் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் வருவதில்லை. அந்த உழைப்புக்கு நாடு நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

வெப்பமானிகள் ஸ்டீவன்சன் கூண்டு எனப்படும் வெள்ளை வண்ண மரப் பெட்டிக்குள் வைக்கப்படுகின்றன. வெயில் நேராகப் படாமல் காற்று மட்டும் புகுந்து வரும்படி அதன் பக்கங்களில் சாய்வான பலகைகள் அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே நான்கு வெப்பமானிகள் இருக்கும். உலர்குமிழ் வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டும். ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானியையும் அதையும் ஒப்பிட்டு ஈரப்பதத்தைக் கணக்கிடுவார்கள். மற்ற இரண்டும் ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் மிகக் குறைந்த வெப்பத்தையும் தக்கவைத்துக் காட்டுபவை.

மழைமானியின் வேலை எளிது. அதை வைக்கும் இடத்தைத் தேர்வதுதான் கடினம். அருகில் மரமோ கட்டடமோ இருந்தால், அதன் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி மழைமானி இருக்க வேண்டும். வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. உள்ள மழைமானியில் 20 மி.லி. நீர் சேர்ந்தால் அது 1 மி.மீ. மழை. அளவுக்குடுவையிலேயே மி.மீ. கோடுகள் இருப்பதால் பணியாளர் கணக்குப் போடத் தேவையில்லை. பாரமானி, காற்றுத் திசைகாட்டி, காற்று வேகமானி ஆகியவையும் நிலையத்தில் இருக்கும்.

நாளிலிருந்து மாதத்துக்கு

மழைக்கு நாள் என்பது காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரை. அளக்கும் தேதியே மழையின் தேதியாக ஏட்டில் ஏறும். அதனால் மே 31 மாலையில் பெய்த மழை ஜூன் 1ஆம் தேதிக் கணக்கில் சேர்கிறது. இதை அறியாமல் செய்தித்தாளில் வந்த மழைச் செய்தியையும் அதிகாரபூர்வ மாதக் கணக்கையும் ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும்.

ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பதிவானால்தான் அது ‘மழை நாள்’. மாத முடிவில் மொத்த மழை, மழை நாள்களின் எண்ணிக்கை, ஒரே நாளில் பெய்த மிக அதிக மழை ஆகிய மூன்றும் எழுதப்படும். வெப்பத்தில், உச்ச அளவுகளின் மாதச் சராசரியும் குறைந்த அளவுகளின் மாதச் சராசரியும் தனித்தனியே கணக்கிடப்படும். இவ்விரண்டின் நடு அளவே அந்த மாதத்தின் சராசரி வெப்பநிலை.

சில நாள்களில் அளவு விடுபட்டுப்போவது உண்டு. ஒரு மாதத்தில் 11 அல்லது அதற்கு மேற்பட்ட நாள்களின் அளவு இல்லாவிட்டாலோ, தொடர்ந்து 5 நாள்களுக்கு இல்லாவிட்டாலோ அந்த மாதத்துக்குச் சராசரி கணக்கிடக் கூடாது என்பது உலக வானிலை அமைப்பின் நெறி. மழையில் விதி இன்னும் கடுமையானது. விடுபட்ட ஒரே நாளில் மாதத்தின் பாதி மழை பெய்திருக்கலாம் என்பதால், மொத்த மழைக்கு எல்லா நாள்களின் அளவும் வேண்டும். அளவெடுக்காத நாளில் சுழியம் போடுவது பெரும் பிழை. ‘மழை இல்லை’ என்பதும் ‘அளக்கவில்லை’ என்பதும் ஏட்டில் வெவ்வேறாக இருக்க வேண்டும்.

சரிபார்ப்பு

நிலையத்திலிருந்து வரும் எண்கள் அப்படியே ஏற்கப்படுவதில்லை. ஒரு நாளின் குறைந்த வெப்பம் அதே நாளின் உச்ச வெப்பத்தைவிட அதிகமாக இருக்க முடியாது. சுற்றிலும் உள்ள ஊர்களில் துளி மழை இல்லாதபோது ஓரிடத்தில் மட்டும் 200 மி.மீ. என்றால், தசமப்புள்ளி இடம் மாறியிருக்கலாம். அதே நேரத்தில் உண்மையான அரிய நிகழ்வைப் பிழை என்று தள்ளிவிடவும் கூடாது. மேகாலயத்தின் சிரபுஞ்சியில் 1861 ஜூலையில் சுமார் 9,300 மி.மீ. மழை பதிவானது. சென்னையில் ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெய்யும் மழை அங்கே ஒரே மாதத்தில் கொட்டியது. இன்றுவரை உலகில் ஒரு மாதத்துக்கான மிக அதிக மழை அதுவே.

நெடுங்காலத் தொடர்களில் வேறொரு சிக்கல் உண்டு. நிலையம் இடம் மாறினாலோ, கருவி மாறினாலோ, சுற்றிலும் நகரம் வளர்ந்தாலோ எண்களில் திடீர் ஏற்ற இறக்கம் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் இந்திய வெப்பமானிகள் கூரை வேய்ந்த திறந்த கொட்டகைகளில் இருந்தன. பின்னரே ஸ்டீவன்சன் கூண்டுகள் வந்தன. ஃபாரன்ஹீட்டும் அங்குலமும் போய் செல்சியஸும் மி.மீட்டரும் வந்தது 1950களில். தானியங்கி நிலையங்கள் பெருகிவரும் இக்காலத்திலும் இதே கவனம் தேவை. பழைய கருவியையும் புதிய கருவியையும் ஓராண்டாவது, முடிந்தால் அதற்கு மேலும் அருகருகே இயக்கி, வேறுபாட்டைக் கண்டறிந்த பிறகே பழையதை அகற்ற வேண்டும். நிலையம் எப்போது, எங்கே, ஏன் மாற்றப்பட்டது என்ற குறிப்பும் எண்களோடு சேர்ந்தே காக்கப்பட வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாமல் போனால் நூறாண்டுத் தொடரும் ஐயத்துக்கு உள்ளாகும்.

நாடு முழுவதற்குமான கணக்கு

மழைக் கணக்குக்காக இந்தியா 36 வானிலை உட்பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் ஆகியவை சேர்ந்து ஓர் உட்பிரிவு. நிலையங்களின் அளவை வெறுமனே கூட்டி வகுத்தால், மழைமானிகள் நெருக்கமாக உள்ள பகுதிக்கு அதிக மதிப்புக் கிடைத்துவிடும். ஆகவே நிலப்பரப்பின் அளவுக்கேற்ற எடை கொடுத்தே சராசரி காண்கிறார்கள். புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், நாடெங்கும் பரவலாகத் தேர்ந்த 306 நிலையங்களைக் கொண்டு 1871 முதலான மாத மழைத் தொடரை இவ்வாறே அமைத்தது. வானிலைத் துறை 6,955 மழைமானிகளின் பதிவுகளிலிருந்து நாட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து 1901 முதலான கட்டவாரி மழைத் தரவையும் உருவாக்கியிருக்கிறது.

ஒரு மாதத்தின் மழை கூடுதலா குறைவா என்று சொல்ல ‘இயல்பு அளவு’ வேண்டும். பல்லாண்டுச் சராசரியே இயல்பு அளவு. தென்மேற்குப் பருவமழைக்கு இப்போது 1971 முதல் 2020 வரையான சராசரி எடுத்துக்கொள்ளப்படுகிறது. அது 87 செ.மீ. உட்பிரிவு ஒன்றில் மழை, இயல்பைவிட 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் ‘இயல்பு’ எனப்படும். 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் ‘பற்றாக்குறை’, அதற்கும் மேல் குறைந்தால் ‘பெரும் பற்றாக்குறை’.

இந்த அளவுகோலும் நெடுங்காலக் கணக்கும் இருப்பதால்தான் 2023 ஆகஸ்ட், 1901க்குப் பிறகு வந்த ஆகஸ்ட் மாதங்களிலேயே மிகவும் வறண்டது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. அம்மாதத்தில் நாட்டின் சராசரி மழை இயல்பைவிட 36 சதவீதம் குறைவு. 2024ஆம் ஆண்டு 1901 முதலான பதிவில் மிக வெப்பமான ஆண்டு என்ற முடிவும் நிலையங்களின் மாத வெப்பக் கணக்கிலிருந்து பிறந்ததுதான்.

பயன்கள்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 2015 நவம்பரில் சுமார் 1,049 மி.மீ. மழை பதிவானது. அந்த மாதத்தின் இயல்பு சுமார் 400 மி.மீ. மட்டுமே. டிசம்பர் முதல் நாளில் மீண்டும் பெருமழை கொட்டியபோது ஏரிகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன, நகரம் மூழ்கியது. அப்படியொரு மழை முன்பு பெய்ததே இல்லை என்று பலர் கருதினர். பதிவேடு சொன்னது வேறு: 1918 நவம்பரில் அதே நகரில் 1,088 மி.மீ. பெய்திருக்கிறது. நூறு ஆண்டுக்கு முந்தைய எண் கையில் இருந்ததால், இத்தகைய மழை மீண்டும் வரக்கூடியது, நகரின் வடிகாலும் நீர்நிலைகளும் அதைத் தாங்கும்படி இருக்க வேண்டும் என்று ஆதாரத்தோடு வாதாட முடிகிறது.

வறட்சியை அறிவிப்பதில் மழைக் குறைவின் அளவு கட்டாயக் குறியீடாகப் பார்க்கப்படுகிறது. வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு, அருகிலுள்ள நிலையத்தின் அளவைப் பொறுத்தது. மழைமானி பழுதாகிக் கிடந்தால் உழவர் தம் இழப்பை நிரூபிக்க வழியில்லாமல் போகும். மதகு, பாலம், கண்மாய்க் கலுங்கு ஆகியவற்றின் அளவை முடிவுசெய்யும் பொறியாளருக்கும் இந்த எண்களே துணை.

உலகத் தொடர்பு

தேர்ந்தெடுத்த நிலையங்களின் மாதச் சராசரிகள், ‘கிளைமட்’ எனப்படும் குறியீட்டுச் செய்திகளாக அடுத்த மாதத்தின் முதல் சில நாள்களுக்குள் உலக நாடுகளுக்கு அனுப்பப்படுகின்றன. நாடுகளின் மாதக் கணக்குகளை ஒரே இடத்தில் தொகுக்கும் ‘உலக வானிலைப் பதிவுகள்’ என்னும் நூல் முதலில் 1927இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. புவி சூடாகிறது என்ற கணக்கில் சென்னை, மும்பை, திருவனந்தபுரம் போன்ற நெடுநாள் நிலையங்களின் எண்களுக்கும் பங்குண்டு.

செயற்கைக்கோள்களும் ரேடார்களும் பெருகியுள்ள போதிலும் தரை நிலையங்களின் இடத்தை அவை எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றின் மழை மதிப்பீடுகளைச் சரிபார்க்கவே மழைமானி வேண்டும். புதிய நிலையத்தை எந்த ஆண்டிலும் நிறுவலாம். ஆனால் கடந்துபோன நூறு ஆண்டை அது அளந்து தர முடியாது. பழைய நிலையங்களின் சுற்றுப்புறத்தைக் கட்டடங்களிலிருந்து காப்பதும், தாலுகா அலுவலகங்களில் உள்ள பழைய மழை ஏடுகளைக் கரையான் அரிப்பதற்கு முன் மின்வடிவில் ஏற்றுவதும் அரசும் ஆராய்ச்சி நிறுவனங்களும் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டிய பணிகள்.