டிஸ்கோ செத்துப்போச்சு என்றார்கள்!

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "நம்ம பேட்ச் சார்பா நீதான் எழுதித் தரணும். மெஸ் சாம்பார், மொட்டை மாடி அரட்டை எல்லாம் வேண்டாம்ப்பா, அதை எல்லாரும் எழுதிட்டாங்க" என்றார். சரி என்று ஒரு இசை ஆல்பத்தின் வரலாற்றை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கு இது எதுக்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

நாங்கள் கல்லூரியை விட்டு வெளியே வந்த 2009, உலகப் பொருளாதாரமே படுத்துக் கிடந்த வருஷம். கேம்பஸ் இன்டர்வியூவில் வாங்கிய ஆஃபர் லெட்டர் கையில் இருந்தது. சேர வேண்டிய தேதி மட்டும் வரவில்லை! சென்னையில் ஒரு ரூமில் நாலு பேர் காத்துக் கிடந்தோம். ஜூன் 26 காலை டி.வி.யில் மைக்கேல் ஜாக்சன் இறந்துவிட்டார் என்று செய்தி. அன்று ரூம்மேட் கம்ப்யூட்டரில் போட்டது எல்லோருக்கும் தெரிந்த 'த்ரில்லர்' அல்ல. அதற்கு முன் வந்த 'ஆஃப் த வால்'. சும்மா சொல்லக்கூடாது, நாலு பேரும் எழுந்து ஆடிவிட்டோம். அதன் கதையைத் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான்.

1978-இல் மைக்கேலுக்கு வயது 20. அண்ணன் தம்பிகளோடு பாடிப் புகழ்பெற்ற சின்னப் பையன் என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. தனியாக அவர் ஆல்பம் வெளியிட்டு மூன்று வருஷம் ஓடிவிட்டது. அப்போது 'த விஸ்' என்ற படத்தில் வைக்கோல் பொம்மையாக நடித்தார். படத்துக்கு இசைப் பொறுப்பு குவின்சி ஜோன்ஸ். ஒத்திகையில் மைக்கேல் சாக்ரடீஸ் பெயரை ஆங்கில எழுத்துக்கூட்டி "சோ-க்ரேட்ஸ்" என்றே வாசித்துக்கொண்டிருந்தாராம். யாரும் திருத்தவில்லை. குவின்சி தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். பையன் வெட்கப்பட்டு ஒதுங்காமல், கண் விரிய அதை ஏற்றுக்கொண்ட விதம் அவருக்குப் பிடித்துவிட்டது. "என் ஆல்பத்துக்கு நல்ல தயாரிப்பாளர் யாராவது இருந்தா சொல்லுங்க" என்று மைக்கேல் கேட்டதற்கு, தானே செய்து தருவதாகச் சொன்னார்.

எபிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்கு இதில் இஷ்டமில்லை. குவின்சி ஜாஸ் ஆள், இந்தக் காலத்து ஆட்டப் பாட்டுக்குச் சரிப்படுவாரா என்று தயங்கினார்கள். மைக்கேல் பிடிவாதமாக நின்றார். நிறுவனம் இறங்கி வந்தது.

வேலை 1978 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி 1979 ஜூன் வரை நடந்தது. குவின்சி கூட்டிய அணியைக் கவனியுங்கள். பாட்டெழுத இங்கிலாந்திலிருந்து ராட் டெம்பர்டன். ஒரு காலத்தில் கிரிம்ஸ்பியில் உறைபதன உணவு கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒன்றாவது தேறட்டும் என்று மூன்று பாட்டு எழுதிக் கொண்டுவந்தார். மூன்றையும் குவின்சி எடுத்துக்கொண்டார்! பேஸ் கிட்டார் லூயிஸ் ஜான்சன். கட்டைவிரலால் தந்தியை அடித்து வாசிக்கும் அந்த 'டக் டக்'தான் ஃபங்க் இசையின் நாடி. டிரம்ஸ் ஜான் ராபின்சன், கீபோர்டு கிரெக் ஃபில்லிங்கேன்ஸ், ஊதுகருவிகளுக்கு ஜெர்ரி ஹே. ஸ்டீவி வொண்டரும் பால் மெக்கார்ட்னியும் ஆளுக்கொரு பாட்டு எழுதித் தந்தார்கள்.

பெரிய ஸ்டுடியோ இருந்தாலும் முதல் பாட்டின் விதை விழுந்தது வீட்டில்தான். மைக்கேல் தானே எழுதிய 'டோன்ட் ஸ்டாப் டில் யூ கெட் இனஃப்' பாட்டுக்கு, தம்பி ராண்டி, தங்கை ஜேனட்டோடு சேர்ந்து கண்ணாடி பாட்டில்களைத் தட்டித் தாளம் போட்டு மாதிரிப் பதிவு செய்தார். நம் ஹாஸ்டலில் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டியது ஞாபகம் வருகிறதா?

ஒலிப்பதிவு இன்ஜினியர் புரூஸ் ஸ்வீடியன். மைக்கேலுக்குப் பாடும்போது சும்மா நிற்க வராது. கால் தட்டுவது, விரல் சொடுக்குவது எல்லாம் மைக்கில் விழும். நாமாக இருந்தால் 'நாய்ஸ்' என்று வடிகட்டியிருப்போம். ஸ்வீடியன் அதுவும் பாட்டுதான் என்று விட்டுவைத்தார். சோகப் பாட்டின் முடிவில் மைக்கேல் ஒவ்வொரு தடவையும் அழுதுவிட, குவின்சி அந்த அழுகையையும் அப்படியே ஆல்பத்தில் விட்டார். எதை வடிகட்ட வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்ற அந்தப் பாடம் எந்த செமஸ்டரிலும் எனக்குக் கிடைக்கவில்லை!

எல்லாம் தயாரான நேரத்தில் வந்தது சோதனை. 1979 ஜூலை 12 அன்று சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் ஒரு ரேடியோ அறிவிப்பாளர் டிஸ்கோவுக்குக் கருமாதியே நடத்தினார். டிஸ்கோ ரெக்கார்டு கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட். சுமார் 50,000 பேர் கூடினார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ரெக்கார்டுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து ரகளை. அடுத்த ஆட்டமே நடக்கவில்லை. "டிஸ்கோ செத்துப்போச்சு" என்பது ஊர்ப் பேச்சாகிவிட்டது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 10 அன்று 'ஆஃப் த வால்' வந்தது. மொத்தம் பத்துப் பாட்டு. 'டோன்ட் ஸ்டாப்', 'ராக் வித் யூ' இரண்டும் அமெரிக்காவில் முதலிடம். தலைப்புப் பாட்டும் அந்தச் சோகப் பாட்டும் பத்தாம் இடம் வரை வந்தன. ஒரே ஆல்பத்திலிருந்து நான்கு பாட்டுகள் முதல் பத்துக்குள் வந்தது தனிப் பாடகர் ஒருவருக்கு அதுவே முதல் தடவை. அமெரிக்காவில் மட்டும் விற்பனை 80 லட்சத்தைத் தாண்டியது. செத்தது லேபிள்தான், நல்ல தாளம் சாகவில்லை.

ஆனால் 1980 கிராமி விழாவில் கிடைத்தது ஒரே ஒரு விருது. வீட்டில் டி.வி.யில் பார்த்த மைக்கேல் மனம் நொந்துபோனார். அடுத்த ஆல்பத்தை யாரும் ஒதுக்க முடியாதபடி செய்வேன் என்று அப்போதே முடிவு செய்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். குவின்சி, டெம்பர்டன், ஸ்வீடியன் என்று அதே ஆட்களை வைத்து 1982-இல் 'த்ரில்லர்' செய்தார். 1984 கிராமியில் ஒரே இரவில் 8 விருது!

எங்கள் ரூம் கதைக்கு வருகிறேன். எனக்குச் சேரும் தேதி மாதக்கணக்கில் வரவில்லை. "உங்க படிப்புக்கெல்லாம் இனி மார்க்கெட் இல்லப்பா" என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது அப்பா பதில் பேசாமல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த மாதங்களில்தான் பழைய புத்தகங்களை எடுத்து, தேர்வுக்காக ஒப்பேற்றிய பாடங்களை ஒழுங்காகப் படித்தேன். கடைசியில் வேறொரு இடத்தில் வேலை தேடித் தந்தது அந்தப் படிப்புதான்.

தம்பி தங்கைகளே, உங்கள் துறையையும் ஒரு நாள் யாராவது செத்துப்போச்சு என்பார்கள். அன்று இந்த ஆல்பத்தைப் போட்டுக் கேளுங்கள். மைக்கேல் 2009-இல் போனார். டெம்பர்டன் 2016-இல், ஸ்வீடியன் 2020-இல், குவின்சி 2024-இல். அவர்கள் அமைத்த தாளத்துக்கு இன்றும் கால் தானாகவே ஆடுகிறது.

ரீயூனியன் மேடையில் மட்டும் என்னை ஆடச் சொல்லிவிடாதீர்கள். இடுப்பு பழைய இடுப்பு இல்லை!