கூலி இல்லாத சரக்கு

பாங்காக்கின் வாட் போ கோயிலுக்குப் போகிறவர்களை வாசல்களில் கல்லாலான சீனக் காவலர்கள் வரவேற்கிறார்கள். சயனத்தில் இருக்கும் பெரிய புத்தரைப் பார்க்க வந்தவர்கள், தாய்லாந்துக் கோயிலில் இந்தச் சீனத் தாடிக்காரர்களுக்கு என்ன வேலை என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தச் சிலைகள் கடலைக் கடந்து வந்தது காவலுக்காக அல்ல, எடைக்காக. மூன்றாம் ராமா ஆண்ட 1824 முதல் 1851 வரையிலான காலத்தில், சயாமிலிருந்து அரிசி ஏற்றிப் போன பாய்மரக் கப்பல்கள் சீனாவிலிருந்து பட்டு போன்ற லேசான சரக்கோடு திரும்பின. லேசான கப்பல் ஆடும். பலத்த காற்றில் கவிழ்ந்தும்விடும். அடித்தட்டில் கனமாக எதையாவது போட்டே ஆகவேண்டும். எப்படியும் கல்லைத்தான் சுமக்கப்போகிறோம், அதைச் செதுக்கிய கல்லாகச் சுமந்தால் இறக்குமிடத்தில் நாலு காசு பார்க்கலாமே என்று யாரோ ஒரு வியாபாரிக்குத் தோன்றியிருக்கிறது.

கப்பல்காரர்கள் பேலஸ்ட் என்று சொல்லும் அடிப்பாரத்தின் கதை முழுக்க இப்படித்தான் போகிறது. யாரும் கூலி தராத சரக்கு இது. ஆனால் இதை ஏற்றாமல் கூலி தரும் சரக்கு எதுவும் கரை சேராது. இந்த நஷ்டத்தை எப்படியாவது லாபமாக்க மூவாயிரம் ஆண்டுகளாக வணிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதில் கோயில்களும் துறைமுகங்களும் நெடுஞ்சாலைகளும் கிடைத்தன. கூடவே எறும்பும் சிப்பியும் கண்டம் மாறின.

விஷயம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் விஷயம்தான். அடியில் கனம் இருந்தால் தட்டிவிட்டாலும் எழுந்து நிற்கும். கப்பலுக்கு இதில் ஒரு கூடுதல் உதவி உண்டு: அது சாயும்போது, நீருக்குள் அமிழ்ந்த பக்கம் தண்ணீரின் உந்துவிசை கூடி மேலே தள்ளும். எடை கீழே இருக்கும் வரை இந்த இரண்டும் சேர்ந்து கப்பலை நிமிர்த்திவிடும். அப்படியானால் கல்லைக் கொட்டிக்கொண்டே போகலாமே என்றால், கூடாது. அடிப்பாரம் அளவுக்கு மீறினால் கப்பல் முரடாகிவிடும். ஒவ்வோர் அலைக்கும் வெடுக்கென்று நிமிரும். அந்த உதறலில் கட்டு அறுந்து சரக்கு உருளும், பாய்மரம் முறியும். சின்னக் கப்பல்களில் இது இன்னும் நுட்பமான கணக்கு. பெரிய கப்பலில் பத்து டன் இடம் மாறினால் ஒருவருக்கும் தெரியாது. தோணியில் பத்து டன் இடம் மாறினால் அதோடு கதை முடிந்தது.

ஆதியில் சரக்கே அடிப்பாரம். துருக்கியின் தெற்குக் கரையில் உலுபுருன் முனைக்கருகே கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் மூழ்கிய வணிகக் கப்பலில் சுமார் பத்து டன் செம்புப் பாளங்கள் கிடைத்தன. 24 கல் நங்கூரங்களும் இருந்தன. ஒரு கப்பலுக்கு எதற்கு இத்தனை நங்கூரம்? அவற்றில் பல, தேவைப்படும் வரை அடியில் கிடந்து கப்பலை நிமிர்த்திவைக்கும் வேலையையும் பார்த்திருக்க வேண்டும்.

ரோமானியர் காலத்தில் இந்தக் கற்களே வழிகாட்டிகளாகிவிட்டன. செங்கடல் கரையில் இருந்த எகிப்தியத் துறைமுகம் பெரெனிகே. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடும், 7.5 கிலோ மிளகோடு ஓர் இந்தியச் சாடியும் அகழாய்வில் வெளிப்பட்ட அதே ஊர்தான். அங்கே ஊருக்குச் சற்றும் பொருந்தாத கருங்கற்களும் கிடந்தன. அவற்றைச் சோதித்த புவியியலாளர்கள், பெரும்பாலானவை ஏமன் கரையில் கானே துறைமுகத்தை ஒட்டிய எரிமலைப் பாறைகள் என்று கண்டார்கள். அங்கிருந்து சாம்பிராணி ஏற்றி வந்த கப்பல்கள் எடைக்குப் போட்டுவந்து, வேலை முடிந்ததும் கரையில் வீசிய கற்கள். சாம்பிராணி புகையாகப் போய்விட்டது, வந்த வழியைச் சொல்லக் கல் மிஞ்சியது. இன்னொரு பக்கம், ஏரோது மன்னன் கட்டிய செசரியா துறைமுகத்தின் கான்கிரீட்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடா எரிமலைச் சாம்பல் இருக்கிறது. தண்ணீருக்கடியிலும் இறுகக்கூடிய அந்தச் சாம்பலை, ரோமுக்குத் தானியம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பிய கப்பல்கள் அடிப்பாரமாகச் சுமந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

பதினேழாம் நூற்றாண்டுக்கு வந்தால், ஒன்றை அடுத்து ஒன்றாக இரண்டு விபத்துகள். 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் சுவீடன் மன்னரின் புத்தம்புதிய போர்க்கப்பல் வாசா புறப்பட்டு, ஒரு மைல்கூடப் போகாமல் கவிழ்ந்தது. அடியில் சுமார் 120 டன் கல் இருந்தது. மேலே இரண்டு அடுக்குப் பீரங்கிகள் இருந்தன. கிளம்புவதற்கு முன்பே முப்பது ஆட்களைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துச் சோதனையைத்தான் நிறுத்தினார்கள், பயணத்தை அல்ல. கூடுதலாகக் கல் போடவும் வழியில்லை. போட்டால் கீழ் அடுக்குப் பீரங்கிக் கண்கள் தண்ணீரைத் தொட்டுவிடும். மறு ஆண்டு, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் பவளப்பாறையில் மோதியது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாவியா. அதன் அடிவயிற்றில் இருந்தவை 137 மணற்கற்கள். எடைக்கும் ஆகும், ஜாவாவில் இருந்த கம்பெனிக் கோட்டைக்கு வாசல் வளைவாகவும் ஆகும் என்று அளந்து செதுக்கி அனுப்பியிருந்தார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடலுக்கடியில் கிடந்த அந்த வாசலை, பிற்பாடு வெளியே எடுத்து மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் நிற்கவைத்தார்கள். உள்ளே போகக் கோட்டை இல்லாத வாசல்.

முப்பது பேரை ஓடவிடாமல், காகிதத்திலேயே கணக்குப் போட முடியாதா? முடியும் என்று காட்டியவர் பிரெஞ்சுக்காரர் பியேர் பூகே. பூமியின் வடிவத்தை அளக்கத் தென் அமெரிக்காவுக்குப் போன குழுவில் இருந்தவர் அவர். கப்பல் நிமிர்ந்து நிற்பதன் ரகசியத்தைச் சொல்லும் நூலின் பெரும்பகுதியை அவர் எழுதியது ஆண்டிஸ் மலைத்தொடரில், கடல் கண்ணில் படாத உயரத்தில். 1746இல் நூல் வெளிவந்தது. சாயும் கப்பலின் உந்துவிசை எந்தப் புள்ளியைச் சுற்றி வேலை செய்கிறதோ அதை அவர் மெட்டாசென்டர் என்றார். எடையின் மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால் கப்பல் பிழைக்கும், மேலே போனால் கவிழும். இன்றைக்கும் சின்னப் படகுக்குச் சான்றிதழ் தரும் சர்வேயர் தேடுவது இந்த இடைவெளியைத்தான். மாலுமிகள் அன்று பூகேயைப் படித்துத் திருந்தினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் நம்பியது கைப்பழக்கத்தை.

வணிகர்கள் நம்பியது பீங்கானை. சீனத் தேயிலை லேசானது, ஈரம் பட்டால் கெட்டுவிடும். கப்பலடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கசிந்து நிற்கும். ஆகவே தண்ணீருக்கு அஞ்சாத, கனமான ஒன்று கீழே வேண்டும். பீங்கான் தட்டும் கோப்பையும் இதற்கென்றே பிறந்தவை. 1752இல் தென்சீனக் கடலில் மூழ்கிய ஹெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பலிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் பீங்கான்களை 1985இல் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஏலம், கூட்டம் அள்ளியது. கம்பெனி உயிராக மதித்த தேயிலை கரைந்து போயிற்று. தேயிலைக்குக் கீழே மிதியடியாகக் கிடந்ததுதான் கோடிகளுக்குப் போனது.

எல்லாருக்கும் பீங்கான் வாய்க்குமா? இங்கிலாந்தின் தென்மேற்குத் துறைகளிலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்குப் போன சிறு கப்பல்களை எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது சரக்கு சொற்பம். வரும்போது உலர்த்திய காட் மீன் குவியல். போகிற வழிக்குத் துறைமுகத்தின் ஓரத்தில் கிடந்த மண்ணையும் சரளையையும் வாரிப் போட்டார்கள். அக்கரையில் மீனுக்கு இடம் வேண்டி அதைக் கொட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டில் கார்ல் லிண்ட்ரோத் என்ற சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர், ஐரோப்பிய வண்டுகள் எப்படி நியூஃபவுண்ட்லாந்தில் ஊர்கின்றன என்று துருவினார். பறக்கத் தெரியாத வண்டுகளும் அவற்றில் இருந்தன. அவர் நேரே அந்த ஆங்கிலேயத் துறைகளுக்குப் போய், அன்று மண் வாரிய இடங்களைத் தேடிப் பிடித்து, அங்கே மண்ணைக் கிளறினார். அதே வண்டுகள்! 1957இல் இதைப் புத்தகமாக்கினார். எனக்குத் தெரிந்து, வண்டைச் சாட்சியாக வைத்துக் கப்பல் வழியை நிறுவிய துப்பறிவாளர் இவர் ஒருவர்தான். அமெரிக்கத் துறைமுகமான மொபீலில் இறங்கிய தென் அமெரிக்க நெருப்பெறும்புகளும் கப்பல் மண்ணில் வந்தவையாக இருக்கலாம் என்கிறார்கள். அந்தச் செவ்வெறும்புப் புற்றை 1942இல் அங்கே முதலில் கவனித்தவர்களில் ஒருவன் பதின்மூன்று வயதுப் பையன். பிற்காலத்தில் எறும்பியலின் பெரிய பெயரான ஈ. ஓ. வில்சன்.

கல்லுக்கும் மண்ணுக்கும் அரசாங்கமும் விலை வைத்தது. லண்டனில் தேம்ஸ் ஆற்றுச் சரளையைக் கப்பல்களுக்கு விற்கும் உரிமையை 1594இல் டிரினிட்டி ஹவுஸ் என்ற கடலோடிகள் அமைப்பு பெற்றது. வட இங்கிலாந்தின் டைன் ஆற்றிலிருந்து நிலக்கரி ஏற்றிவந்த கப்பல்கள் திரும்பும்போது அந்தச் சரளையைத்தான் சுமந்தன. டைன் கரையில் கொட்டிக் கொட்டி, நியூகாசில் பக்கம் குன்றுகளே எழுந்தன. ஒரு குன்றில் இடுகாடுகூட அமைந்தது. ஏற்ற ஒரு கூலி, இறக்க ஒரு கூலி, காத்திருந்த நாட்களின் நஷ்டம் வேறு. 1850களில் நீராவியில் ஓடும் இரும்பு நிலக்கரிக் கப்பல்கள் வந்தபோது யாருக்கோ பொறி தட்டியது: சுற்றிலும் கிடப்பது தண்ணீர்தானே, அதையே பம்பு வைத்து உள்ளே இழுத்தால்? எடை இலவசம், இறக்கவும் பம்பு போதும். ஒரு தலைமுறைக்குள் பலரும் காப்பியடித்தார்கள்.

தண்ணீருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பாதி நிறைந்த தொட்டியில் அது கப்பல் சாயும் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். காலித் தொட்டியைவிட அரைத்தொட்டி ஆபத்தானது. அதனால்தான் தொட்டிகளைத் தடுப்பு வைத்துப் பிரித்தார்கள். நிரப்பினால் முழுக்க நிரப்பு என்று விதியும் வந்தது.

பாக் நீரிணைப் பக்கம் இந்த ஆரவாரம் எதுவும் எட்டவில்லை. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதியபோது அங்குள்ள ஓர் ஏற்பாட்டையும் பதிவு செய்தார். படகின் குறுக்கே ஒரு பலகை. காற்றடிக்கும் பக்கம் அது நீண்டிருக்கும். காற்று வலுக்க வலுக்க ஆட்கள் அதன் நுனிக்கு நகர்வார்கள். இலங்கை மீனவர்கள் காற்றின் வேகத்தையே ‘ஓர் ஆள் காற்று, இரண்டு ஆள் காற்று’ என்று அளந்தார்கள். கூலி கேட்கும் அடிப்பாரம் உலகிலேயே இது ஒன்றுதான் போலும்.

இரண்டாம் உலகப்போரில் கல் ஒருமுறை திரும்பி வந்தது. பிரிட்டனுக்குத் தளவாடம் கொண்டுபோன கப்பல்கள் நியூயார்க்குக்குக் காலியாகத் திரும்ப வேண்டியிருந்தது. குண்டுவீச்சில் நொறுங்கிய பிரிஸ்டல் நகர வீடுகளின் இடிபாடுகளை ஏற்றிக்கொண்டன. மன்ஹாட்டனின் கிழக்கு ஆற்றோரச் சாலைக்கு அடியில் அவை நிரப்பப்பட்டன. அந்த இடத்துக்குப் பிரிஸ்டல் பேசின் என்று பெயர். 1942இல் கல்வெட்டும் வைத்தார்கள்.

கல் போட்ட இடத்தில் கிடக்கும். தண்ணீர் அப்படி இல்லை என்பது 1980களில் உறைத்தது. அமெரிக்க அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த, ஜெல்லிமீன் போன்ற ஓர் உயிரி கப்பல் தொட்டியில் கருங்கடலுக்குப் போய், நெத்திலியின் இரையையும் முட்டையையும் தின்று தீர்த்தது. கருங்கடல் பக்கத்து வரிக்குதிரைச் சிப்பியோ எதிர்த்திசையில் பயணித்து, 1988இல் அமெரிக்கப் பேரேரிகளின் பகுதியில் தென்பட்டது. மறு ஆண்டே மிச்சிகனின் மன்றோ நகரத்தில் குடிநீர்க் குழாய் வாய் அடைத்து ஊரே தவித்தது. அடிப்பாரத் தண்ணீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் 2004இல் எழுதப்பட்டு, 2017 செப்டம்பர் 8 அன்றுதான் அமலுக்கு வந்தது. பதின்மூன்று ஆண்டு தாமதம் சிப்பிகளுக்குப் போதுமானது. எண்ணூரில் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்து மீனவர்கள் காக்கா ஆழி என்று சபிக்கும் சிப்பியின் பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கக் கரைகள். ஆற்றடியில் பாய் விரித்தாற்போல் படிந்து, இறால் புதைய இடமில்லாமல் செய்துவிட்டது. கப்பல் வழி வந்ததாகவே கருதுகிறார்கள். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

அந்த ஒப்பந்தம் தண்ணீர் சுமக்காத சிறு கலங்களைத் தொடுவதில்லை. மாலத்தீவுக்குப் போகும் தூத்துக்குடித் தோணிக்குக் கட்டுமானச் சாமான் கீழே, காய்கறி மேலே என்று அதன் தலைவரான தண்டல் அடுக்கச் சொல்லும் வரிசைதான் அடிப்பாரம். பல நாள் தங்கி மீன் பிடிக்கும் விசைப்படகின் நிலை இன்னும் சிக்கல். கிளம்பும்போது ஐஸும் டீசலும் கீழே கனமாக இருக்கும். நாளாக ஆக டீசல் எரிந்துபோகும், ஐஸ் உருகி அறையில் தண்ணீராக அலையும், நனைந்த வலை மேல்தளத்தில் கனக்கும். கடைசி இழுப்பில் நிறைய மீன் விழுந்துவிட்டால், அதை உடனே கீழே இறக்கி, உருகிய நீரைப் பம்பு வைத்து வெளியேற்றிய பிறகே கரைக்குத் திருப்புவார் விவரமான டிரைவர்.