நீதி நாற்காலியில் யார்?

1819 சனவரி 6 அன்று புதுவையில் பிரெஞ்சு ஆட்சி ஒரு விதி வகுத்தது: கிறித்தவராயினும் முஸ்லிமாயினும் இந்துவாயினும், இந்தியர் தத்தம் சாதிச் சட்டப்படியே தீர்ப்புப் பெறுவர். சட்டம் அவரவருடையது, தீர்ப்புரைத்ததோ பிரெஞ்சு நீதிமன்றம்!

இஸ்லாமியச் சட்ட மரபு இதை ஒப்புமோ? 1058இல் மறைந்த பாக்தாத் அறிஞர் அல்-மாவர்தி காஜிக்கு வகுத்த தகுதிகள் ஏழு: வயது வந்த ஆண்மை, அறிவுத் தெளிவு, அடிமையல்லாமை, இஸ்லாமிய நம்பிக்கை, நேர்மை, கண் செவி நலம், சட்டப் புலமை. ஆயினும் அம்மரபிலேயே மாற்றுக் குரலும் எழுந்தது. பெண்ணும் சில வழக்குகளில் தீர்ப்பளிக்கலாம் என்றார் அபூ ஹனீபா.

மனுவோ பிறப்பையே அளவுகோலாக்கினான். பெயரளவில் பார்ப்பனனாயினும் போதுமாம். சூத்திரன் ஒருக்காலும் கூடாதாம்!

1962 முதல் புதுவை, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆளுகையில் இருக்கிறது. அந்த மன்றத்து நீதிபதிக்கு அரசியல் சட்டத்தின் 217ஆம் பிரிவு வேண்டுவன இரண்டே: இந்தியக் குடியுரிமை, நீதித்துறைப் பதவியிலோ உயர்நீதிமன்ற வழக்கறிஞராகவோ பத்தாண்டுப் பட்டறிவு. மதம் எது, சாதி எது, ஆணா பெண்ணா என்று அது கேட்பதில்லை. இஸ்லாமியக் குடும்பச் சட்டம் பற்றிய வழக்காயினும் இதே நீதிபதிதான் தீர்ப்பளிக்கிறார்.

விளைவென்ன? 1980இல் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த தமிழர் வரதராசன் உச்சநீதிமன்றத்தில் அமர்ந்தார். 1989இல் அம்மன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார், முஸ்லிம் பெண்மணி பாத்திமா பீவி. மனுவின் தடையும் மாவர்தியின் நிபந்தனையும் தகர்ந்தன!

எனினும் தோழர்களே, 1950 முதல் 2021 முடிய உச்சநீதிமன்றம் ஏறிய பெண்கள் பதினொருவரே! சட்டம் கதவைத் திறந்துவிட்டது. வாயிற்படியில் நிற்கும் வழக்கத்தை விலக்குவது நம் கடன்.