நன்னீரும் உவர்நீரும்: தம்பலகாமக் குடாவின் கதை

குறிஞ்சாக்கேணி என்னும் பெயரிலே ஒரு கொடியும் ஒரு கேணியும் உள்ளன. உவர்நீர் சூழ்ந்த நிலத்திலே நன்னீர்க் கேணியின் பெயரை ஊருக்கு இட்ட முன்னோர், தாம் வாழ்ந்த இடத்தின் இயல்பை நன்கு அறிந்திருந்தனர் போலும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கிண்ணியாவை அடுத்து இவ்வூர் அமைந்துள்ளது. இதன் அயலிலே தம்பலகாமக் குடா பரந்து கிடக்கின்றது. குடா எனப்படினும், ஒடுங்கிய வாய் ஒன்றினாலேயே அது கொட்டியாரக் குடாவோடு கூடுகின்றது. ஆதலின் பழைய ஆங்கில நூலார் அதனை ஏரி என்றே குறித்தனர். கந்தளாய்க் குளத்துப் பக்கமிருந்து நன்னீர் வருகின்றது. கடற்பெருக்கோடு உவர்நீர் புகுகின்றது. இவ்விரண்டும் அளவோடு கலக்கும் சேற்றுப் படுகையிலே கண்டல் வேரூன்றுகின்றது. அவ்வேர்களிடையே இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன.

இக்குடாவுக்கு ஒருகாலத்திற் பெரும்புகழ் தந்தது ஒருவகைச் சிப்பி. தட்டையாய், கண்ணாடிபோல் ஒளியை ஊடுருவ விடும் அதன் ஓட்டைக் கீழைநாடுகள் பலவற்றிற் சன்னல்களுக்குப் பதித்தனர். அதனுள் விளைந்த சிறுமுத்துகள் இந்தியக் கரைக்கு ஏற்றுமதியாயின. செல்வர் அவற்றைச் சுட்டு நீறாக்கி வெற்றிலையோடு மென்றனர். இச்சிப்பி எடுக்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது. 1858க்கு முந்திய மூன்று ஆண்டுகளில் குத்தகைக்காரர் எடுத்த சிப்பிகள் ஒரு கோடியே எண்பது இலட்சத்துக்குக் குறையா என்று எமர்சன் தெனன்ற் எழுதினார். நன்னீரோ உவர்நீரோ அளவு மிஞ்சிய காலங்களிற் சிப்பிகள் திரளாக மடிந்தன என்பதையும் அவரே குறித்தார். 1906இல் ஜேம்ஸ் ஹோர்னெல் இம்முத்துக்குளிப்புப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டார். அந்தக் குத்தகைச் செல்வம் இன்று பழங்கதையாயிற்று.

குத்தகைக்காரன் சிப்பியை எண்ணினான். சிப்பியை வாழ்வித்த நீரை எண்ணினாரிலர். பிழை அங்கேதான் தொடங்கிற்று. பின்வந்தோருக்குக் கண்டல் விறகாயிற்று. சதுப்பு, மண்ணிட்டு நிரப்புதற்குரிய வெற்றுநிலமாயிற்று. கிண்ணியாவில் மக்கள் பெருகப் பெருக, நகரம் நீரின் விளிம்பை நெருக்கிற்று.

நீரோ தன் வலிமையை மறக்கவில்லை. 1986 ஏப்ரிலிற் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து, கீழேயிருந்த ஊர்களில் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியாவைத் தாக்கிற்று. கரையோரக் கண்டல் அலையின் வேகத்தைத் தணிக்கும் என்பதை நாடு உணர்ந்தது அதன் பின்னரே. 2015இல் நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டம் தொடங்கப்பட்டது.

2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. துறையிற் காத்துநின்ற தலைமுறைகளின் துயர் தீர்ந்தது. ஆயினும் குறிஞ்சாக்கேணிக் களப்பிலே, பால வேலை நடந்த காலத்தில், 2021 நவம்பர் 23 அன்று இழுவைப் படகு கவிழ்ந்து, பள்ளிச் சிறார் உட்படப் பலர் மாண்டனர். நீரோடு வாழ்வோருக்குப் பாலமும் வேண்டும். நீரைப் பேணும் அறிவும் வேண்டும். ஒன்றை நாடி மற்றொன்றைக் கைவிடுதல் தகாது.

நன்னீர் வரும் வழி திறந்திருத்தல் வேண்டும். எஞ்சிய கண்டல் நிலைத்தல் வேண்டும். சதுப்பிற் குப்பையும் மண்ணும் கொட்டுதல் ஒழிதல் வேண்டும். இவை தவறின் கேணிநீரும் ஒருநாள் உவர்க்கும். அன்று ஊரின் பெயரிலே மட்டுமே நன்னீர் எஞ்சும்.