இலக்கம் இல்லாமல் ஓடியவர்

சித்திரை பிறந்தால் எங்கள் பக்கத்து ஊர்களில் மரதன் ஓட்டமும் வந்துவிடும். புத்தாண்டு விளையாட்டு விழாவின் காலைப்பொழுது அதற்கே உரியது. நான் கல்முனையில் மாணவியாக இருந்த தொண்ணூறுகளில், ஓட்டம் எதுவரை என்பதைத் தீர்மானித்தது விளையாட்டுக் குழு அல்ல, சோதனைச் சாவடி. அடுத்த சாவடி வருவதற்கு முன் திரும்பிவிட வேண்டும். அதற்கும் பெயர் மரதன்தான்! ஓடுவது ஆண்பிள்ளைகள். நாங்கள் தண்ணீர்க் கோப்பையும் தோடம்பழத் துண்டுமாக வேலியோரம் நிற்போம். எங்களையும் ஓட விட்டால் என்ன என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து மரதனின் வரலாற்றை வாசித்தபோது அந்த வேலியோரம்தான் என் நினைவுக்கு வந்தது.

ஆண்டுதோறும் நடைபெற்றுவரும் மரதன்களில் உலகிலேயே பழையது பொஸ்டனுடையது. 1896 இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்குப் போய்வந்த பொஸ்டன் மெய்வல்லுநர் சங்கத்தார், அங்கு கண்டதைத் தம் ஊரிலும் நடத்த ஆசைப்பட்டார்கள். மறு ஆண்டே, 1897 ஏப்ரல் 19 இல், ஓட்டம் தொடங்கியது. புறப்பட்டவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 10 பேர். நியூயோர்க்கைச் சேர்ந்த ஜோன் மக்டெர்மட் 2 மணி 55 நிமிடத்தில் வென்றார். அன்றைய தூரம் ஏறக்குறைய 39 கிலோமீற்றர். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குக் கால்நடையாகப் போவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இன்றைய 42.195 கிலோமீற்றர் என்ற விசித்திரக் கணக்கு 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. வின்சர் மாளிகையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்தின் முன் முடித்ததால் வந்த வினை!

முதல் எழுபது ஆண்டுகளை இப்படியே கடந்துவிடலாம். வென்றவர்களின் பெயரும் நேரமும்தான் அவற்றில் மிகுதி. எனக்கு வரலாறு தொடங்குவது 1966 இல்.

றொபேட்டா கிப் என்ற 23 வயதுப் பெண் ஓட அனுமதி கேட்டு எழுதினார். அத்தனை தூரம் ஓடப் பெண்ணுடல் தாங்காது என்று பதில் வந்தது. அவர் கலிபோர்னியாவிலிருந்து பல நாள் பஸ் பயணம் செய்து பெற்றோர் வீட்டுக்கு வந்தார். ஓட்டம் தொடங்கும் ஹொப்கின்ரன் என்ற சிற்றூருக்குத் தாயாரே காரில் கொண்டுபோய் விட்டார். சகோதரனின் காற்சட்டையும் தலையை மூடும் மேலங்கியும் அணிந்து, புதருக்குள் மறைந்திருந்து, ஓடுவோரில் ஒரு பகுதியினர் கடந்ததும் கூட்டத்தில் கலந்தார். கூட ஓடிய ஆண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் துரத்தவில்லை, வெளியேற்ற எவரையும் விடமாட்டோம் என்றார்கள். பாதிவழியில் இருக்கும் வெல்லெஸ்லி மகளிர் கல்லூரி மாணவியர் அவரைக் கண்டு ஆர்ப்பரித்தார்கள். 3 மணி 21 நிமிடம் 40 செக்கனில் ஓடி முடித்தார். மாநில ஆளுநர் கைகுலுக்கினார், பத்திரிகைகள் எழுதின. முடிவுப் பட்டியலில் மட்டும் பெயர் இல்லை.

அடுத்த ஆண்டு கத்ரின் சுவிற்சர் என்ற மாணவி முதலெழுத்துகளை மட்டும் எழுதி விண்ணப்பித்து, 261 என்ற இலக்கத்தைப் பெற்றுவிட்டார். வழியில் அதிகாரி ஒருவர் பாய்ந்து அந்த இலக்கத்தைப் பிய்த்தெறிய முயன்றார். சுவிற்சரின் நண்பர் அதிகாரியைத் தள்ளிவிட்டார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் போயிற்று. பொஸ்டனில் முதலில் ஓடிய பெண் சுவிற்சரே என்று இன்றும் பலர் சொல்வதற்குக் காரணம் அந்தப் படம்தான். அவர் இலக்கத்தோடு ஓடிய முதற்பெண். அந்தத் துணிவை நான் குறைக்கவில்லை. ஆனால் அதே நாளில், அதே வீதியில், ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் முன்னே, இலக்கம் ஏதுமில்லாமல் கிப்பும் ஓடி முடித்திருந்தார். பிய்ப்பதற்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லையே!

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், ரெண்டு பேரும் சந்திச்சிருந்தா என்ன கதைச்சிருப்பாங்க?" நல்ல கேள்வி. அதையே கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்தேன்.

1972 இல்தான் பொஸ்டன் பெண்களை முறைப்படி சேர்த்தது. எட்டுப் பேர் ஓடினார்கள், நீனா குஸ்சிக் வென்றார். ஒலிம்பிக்கில் பெண்கள் மரதன் வர 1984 ஆகிவிட்டது. 2017 இல், ஐம்பது ஆண்டு கழித்து, எழுபது வயதுச் சுவிற்சர் அதே 261 ஐ அணிந்து மீண்டும் ஓடினார்.

கிப் 1966, 67, 68 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பெண்களில் முதலாவதாக வந்தவர் என்பதைச் சங்கம் ஏற்றுக்கொண்டு பதக்கம் வழங்கியது 1996 இல், நூறாவது ஓட்டத்தின்போது. அப்போது அவருக்கு 53 வயது. அந்த ஏப்ரலில் நான் கல்முனை வேலியோரம், தண்ணீர்க் கோப்பையோடு நின்றிருந்தேன்.