'தி திங்': ஊத்திக்கிட்ட படம் கிளாசிக்கா?

1982 ஜூன் 25-ம் தேதி அமெரிக்காவில் ரெண்டு சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்கள் ஒரே நாளில் ரிலீஸ். ஒண்ணு ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்', இன்னொண்ணு ஜான் கார்பென்டரின் 'தி திங்'. ரெண்டுமே ஊத்திக்கிச்சு. ரெண்டு வாரம் முன்னாடிதான் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்து, வேற்றுக்கிரகவாசின்னா சைக்கிள் கூடையில உக்காந்து வர்ற செல்லப்பிள்ளைன்னு ஊரே உருகிட்டு இருந்தது. அந்த நேரத்துல போய் நாயோட முகம் பிளந்து விரியிற படத்தைக் காட்டினா?

'ஈ.டி.'தான் காரணம்னு பலரும் சொல்வாங்க. அது பாதிதான். விமர்சகர்களும் சேர்ந்து அடிச்சாங்க. நியூயார்க் டைம்ஸில் வின்சென்ட் கேன்பி கிட்டத்தட்ட குப்பைன்னே எழுதினார். என்னியோ மோரிக்கோனியின் இசைக்கு, மோசமான இசைக்கான ராஸ்ஸி நாமினேஷன்! (என்ன கொடுமை சார் இது.) கார்பென்டர் கையில் இருந்த அடுத்த படமான 'ஃபயர்ஸ்டார்ட்ட'ரும் போச்சு.

அன்னிக்கு வந்த முக்கியமான புகார், பாத்திரங்கள் தட்டையா இருக்காங்க என்பது. உண்மைதான். அண்டார்டிகா முகாமில் 12 ஆம்பளைங்க. யாருக்கு என்ன குடும்பம், என்ன முன்கதை, ஒண்ணும் தெரியாது. ஆனா ஜந்து யாரை வேணும்னாலும் அப்படியே நகலெடுக்கும்ங்கிறதுதானே கதை! நமக்கு அவங்களை நல்லாத் தெரிஞ்சிருந்தா, யார் மனுஷன்னு நாமே கண்டுபிடிச்சிருப்போமே.

ரத்தப் பரிசோதனைக் காட்சியைப் பாருங்க. (40 வருஷத்துக்கு மேல ஆன படத்துக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கை எல்லாம் கிடையாது.) அந்த ஜந்துவின் ஒவ்வொரு சொட்டு ரத்தமும் தனி உயிர், சூடு பட்டா தப்பிக்கப் பார்க்கும். எல்லாரையும் கட்டிப்போட்டு, மெக்ரெடி ஒவ்வொருத்தர் ரத்தத்திலும் காய்ச்சின கம்பியை வைக்கிறான். பக்காவான யூனிட் டெஸ்ட் :-) கொஞ்சம் முன்னாடி அவன் சுட்டுக் கொன்ன கிளார்க் சுத்தமான மனுஷன்னு அப்பதான் தெரியுது. 'அப்ப நீ கொலைகாரன்'னு சைல்ட்ஸ் அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்றான். எனக்குப் படத்தோட உச்சம் அதுதான்.

இந்தச் சோதனை ஜான் கேம்ப்பெல் 1938-ல் எழுதின குறுநாவலிலேயே உண்டு. 1951-ல் இதே கதையைப் படமா எடுத்தவங்க நகலெடுக்கிற விஷயத்தையே தூக்கிட்டு, மனுஷ உருவத்துல ஒரு தாவர ஜந்துவை உலவ விட்டாங்க. கார்பென்டர் மூலக்கதைக்கே திரும்பினார்.

ஜந்துக்களைச் செஞ்சவர் ராப் பாட்டின், அப்போ இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன். ஒரு வருஷத்துக்கு மேல வேலை, முடிச்சதும் களைச்சுப்போய் ஆஸ்பத்திரியில சேர்ந்தார். 2011-ல் வந்த முன்கதைப் படத்தில் கையால் செஞ்ச உருவங்கள் மேலேயே பெரும்பாலும் கிராஃபிக்ஸ் பூசிட்டாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்க, எதுக்கு வயிறு கலங்குதுன்னு தெரியும்.

தியேட்டர்ல செத்த படத்துக்கு வீடியோ கேசட்டும் டிவியும்தான் உயிர் கொடுத்தது. என்னைக் கேட்டா கிளாசிக்தான். தென்துருவத்து அமுண்ட்சென்-ஸ்காட் ஆய்வு நிலையத்தில், கடைசி விமானம் கிளம்பினதும் குளிர்காலத்துக்குத் தங்குறவங்க சேர்ந்து உக்காந்து இந்தப் படத்தைத்தான் பார்ப்பாங்களாம். அடுத்த விமானம் வர பல மாசம் ஆகும்!